அறுந்த பெல்ட்

"அதைத் தொடாதே ரெய்னோ. அப்படியே யாருக்காவது தூக்கிக் கொடுத்துடு."

ஷெட் வாசலில் சைமா நின்றிருந்தாள். இறந்துபோன கணவர் ஆர்வோவின் கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தாள். கைகள் அதற்குள் காணாமல் போயிருந்தன. அடக்கம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"கொடுத்துட்டு? ஏப்ரல் வரைக்கும் பனி கொட்டும் அண்ணி. பெல்ட்தான் போயிருக்கும். புதுசு வாங்கிட்டு வந்துட்டேன், மாட்டினா ஓடும்." ஆர்வோவின் தம்பி ரெய்னோ, பனி வாரும் மெஷினின் பிளக் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பானரைத் தேடினான்.

"எதுக்கு? கிளாரன்ஸ்தான் தினமும் வந்து வழி பண்ணிக் கொடுக்கிறாரே."

"அதனாலதான் சொல்றேன். அந்த ஆள் தயவு நமக்கு வேண்டாம்."

அடுத்த வீட்டு கிளாரன்ஸ் ட்ரெம்பத்துக்கும் ஆர்வோவுக்கும் பல வருடப் பகை. சுப்பீரியர் ஏரிக் காற்று அடிக்கும் நாட்களில், ஆர்வோவின் மெஷின் வீசும் பனியில் பாதி கிளாரன்ஸ் வாசலில்தான் போய் விழும். "அந்தச் சனியனை ஒருநாள் உடைக்காம விடமாட்டேன்" என்று இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் கடை வாசலில் நின்று, பத்துப் பேர் காதுபடக் கத்தியிருந்தார் அவர்.

பெரும்பனி கொட்டிய அன்று காலை, மெஷினின் இன்ஜின் ஓடியது, சக்கரம் நகரவில்லை. ஆர்வோ அதைத் திட்டித் தீர்த்துவிட்டு பனி அள்ளும் ஷவலைக் கையில் எடுத்தார். பாதி வழிகூடத் தாண்டவில்லை. விழுந்தவரிடம் முதலில் ஓடி வந்து நெஞ்சை அமுக்கிப் பார்த்தவர் கிளாரன்ஸ்தான்.

"சொன்னா கேக்குற மனுஷனா அண்ணன்?" பனி வீசும் குழாயை ஒரு பக்கமாகத் திருப்பியபடி ரெய்னோ சொன்னான். "முதல்ல நெஞ்சுவலி வந்தப்பவே, வெளிய போய்ப் பனியைத் தொடாதேன்னு டாக்டர் சொல்லியாச்சு. 'நானா வார்றேன்? மெஷின் வாருது, நான் சும்மா பின்னாடி நடந்து போறேன்'னு அவருக்கே பதில் சொன்னாரு."

சைமா சிரிக்க முயன்றாள். முடியவில்லை. "எவ்வளவோ கெஞ்சினேன்" என்று மட்டும் சொன்னாள்.

"போன வருஷம் பெல்ட் மாத்தினது நான்தான் அண்ணி. சரியா மாட்டலையோ என்னவோ. அதைப் பார்க்காம எனக்குத் தூக்கம் வராது."

பெல்ட் மூடியின் போல்ட்டில் ஸ்பானரை வைக்கும் முன்பே அது விரலோடு சுழன்று வந்தது. அடுத்ததும் அப்படியே. ரெய்னோ புருவத்தைச் சுருக்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு அவன் முடுக்கிய போல்ட்டுகள் அவை.

மூடியைத் தூக்கினான். பெல்ட் புல்லியை விட்டு நழுவித் தொங்கியது. அதை உருவி எடுத்து, வாசல் வெளிச்சத்தில் நீட்டி, விரலால் நெடுகத் தடவிப் பார்த்தான். எங்கும் வெடிப்பு இல்லை, ஓரத்தில் பிசிறு இல்லை, கருகின வாடை இல்லை. அறுந்த இடம் மட்டும், ரொட்டியை நறுக்கியதுபோல் நேராக இருந்தது.

"அண்ணி, இது தானா அறுந்தது இல்லை. எவனோ கத்தி போட்டிருக்கான்."

சைமா பெல்ட்டைப் பார்க்காமல் வெளியே பனியைப் பார்த்தாள்.

"எவனோ என்ன எவனோ. அவன்தான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? இல்லேன்னா ஏன் விடியறதுக்குள்ள வந்து உங்க வாசலைச் சுத்தம் பண்றான்? சர்ச்சுல கடைசி பெஞ்சுல உக்காந்து ஏன் அப்படி அழுதான்? எங்க அண்ணனைக் கொன்னுட்டு..."

பெல்ட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு வெளியே இறங்கினான்.

வேலிக்கு அந்தப் பக்கம், கிளாரன்ஸ் நீண்ட கழியால் கூரைப் பனியை இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ரெய்னோவைக் கண்டதும், வணக்கம் சொல்வதா வேண்டாமா என்று தெரியாதவர்போல் கையைப் பாதி தூக்கினார்.

சைமா சறுக்கிச் சறுக்கி ஓடி வந்து ரெய்னோவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. போலீஸுக்கு அப்புறம் போறேன். முதல்ல இதை அவன் மூஞ்சில வீசிட்டு வர்றேன்."

"அவர் இல்லை ரெய்னோ."

"உங்களுக்கு ஊர்ல எல்லாரும் நல்லவங்க. இதைப் பண்ணின கைக்கு இந்த ஜென்மத்துல நிம்மதியே கிடைக்காது, பாருங்க."

ஆமாம் என்பதுபோல் சைமா மெல்லத் தலையாட்டினாள். பிறகு அவன் கையிலிருந்து பெல்ட்டைப் பிரித்து வாங்கி, கோட்டோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

"இதை அறுத்துட்டா வீட்டுக்குள்ளேயே இருப்பாருன்னு நினைச்சேன்."