இரண்டு வார்த்தை அதிகம்

முதுகலைச் சேர்க்கைப் பிரிவில் அவளுக்குக் 'கத்தரி அக்கா' என்று பெயர். விண்ணப்பக் கட்டுரை ஐந்நூறு வார்த்தையைத் தாண்டினால், எழுதியவரையே போனில் கூப்பிட்டு வெட்டச் சொல்வாள். திருத்தித் தர மாலை ஐந்து மணிவரை நேரம் உண்டு.

"அப்பாவுக்கு நன்றி, வாத்தியாருக்கு நன்றின்னு எதுக்குப்பா இவ்வளவு? அதையெல்லாம் வீட்டுல சொல்லிக்கோ. இங்க வெட்டு." காலையிலிருந்து ஒன்பது பேரிடம் இப்படிக் கறாராகச் சொல்லியாகிவிட்டது.

பத்தாவது கட்டுரையை மட்டும் மூன்று முறை எண்ணினாள்.

"எத்தனைக்கா?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"ஐநூத்தி ரெண்டு."

"ரெண்டுதானே, கண்டுக்காம விட்டுடுங்க."

"ஒன்பது பேருக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா?"

"அப்போ போன் போடுங்க."

கத்தரி அக்கா ரிசீவரை எடுத்தாள். எண்ணை அழுத்தாமலே வைத்துவிட்டு, போனைப் பக்கத்து மேசைக்குத் தள்ளினாள்.

"நீயே சொல்லிடு. நேத்து வீட்டுல நான் எண்ணினப்ப சரியா ஐநூறுதான் இருந்துச்சு. பய எனக்குத் தெரியாம அப்புறமா சேர்த்திருக்கான்."

பக்கத்து மேசைக்காரி கட்டுரையை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தாள்.

'அம்மாவுக்கு நன்றி.'