அந்தச் சத்தம்

"சுடவே வேண்டாம். கைப்பிடியைப் பின்னால இழுத்து முன்னால தள்ளுங்க. அந்தச் சத்தத்துக்கே திருடன் ஓடிருவான்."

இதைச் சொல்லிச் சொல்லியே, தான் உருவாக்கிய பம்ப் துப்பாக்கியை அமெரிக்கா முழுக்க விற்றுத் தள்ளியவர் ஆர்வில் ட்ரெட்வெல்.

அன்று சர்ச்சிலிருந்து திரும்பினால், அவர் வீட்டுச் சமையலறையில் எவனோ முதுகைக் காட்டி நிற்கிறான்.

சுவரிலிருந்த துப்பாக்கியை எடுத்து இழுத்துத் தள்ளினார். சடக், சடக். அவன் அசையவில்லை.

"என்ன திமிர்டா? திரும்பு."

அவன் கை கோட்டுக்குள் போனது. ட்ரெட்வெல் சுட்டுவிட்டார். ரத்தம் அடுப்பு வரை தெறித்தது.

மனைவி அடிலீன் ஓடிவந்து பிணத்தைப் புரட்டினாள். கோட்டுக்குள்ளிருந்து காட்டு வாத்து ஒன்று சரிந்தது.

"அடப்பாவி மனுஷா, இது நம்ம துப்பாக்கி ஆலையில வேலை பார்க்கிற கிளெம். வாத்து கொண்டுவரச் சொன்னது நான்தான்."

"சத்தம் கேட்டதும் திரும்பித் தொலைச்சிருக்கலாமே?"

"எப்படிக் கேக்கும்? உங்க துப்பாக்கி ஒவ்வொண்ணையும் சுட்டுப் பார்த்தே ரெண்டு காதும் போனவனாச்சே."