விடாத குத்து

“இண்டைக்கு எங்கட நாள்! ஆரின்ர உடுப்பு இது?”

லக்ஷ்மணன் கத்திக்கொண்டே வாஷிங் மெஷினைத் திறந்து, உள்ளே கிடந்த ஈர உடுப்புகளை அள்ளி நிலத்தில் போட்டார். சுவிஸ் நாட்டின் பாடன் நகரில் அவர் குடியிருக்கும் மாடிக்கட்டடத்துக்கு நிலவறையில் ஒரே ஒரு மெஷின்தான். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை.

போன மாதம் நாலாம் மாடிக்குக் குடிவந்த கறுப்பு மனிதர் வாசலில் வந்து நின்றார். ஆள் கதவளவு உயரம். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

லக்ஷ்மணன் விட்டால்தானே! விரலை நீட்டி, தெரிந்த ஜெர்மன் முழுவதையும் கொட்டித் தீர்த்தார். அந்த மனிதர் இரண்டு கைகளையும் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குனிந்து உடுப்புகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

“உந்த வெளிநாட்டுக்காரருக்கு ஒரு ஒழுங்குமுறை தெரியாது,” என்றபடி லக்ஷ்மணன் வீட்டுக்குள் வந்தார். சுவிஸ்காரர் யாராவது தன்னை வெளிநாட்டுக்காரர் என்றால் ஒரு கிழமைக்குச் சாப்பாடு இறங்காத மனிதர் அவர்.

“இண்டைக்கு என்ன கிழமை எண்டு வடிவாப் பாத்தனீங்களோ?” என்று மனைவி கஜலக்சுமி கேட்டார்.

“முப்பது வருசமா இந்த நாட்டில இருக்கிறன், எனக்குப் படிப்பிக்காதையும். ஒரு சத்தம் போட்டன், ஆள் நடுங்கிப்போச்சு!”

இந்த வீரத்தைத் தொலைபேசியில் நாலு பேருக்குச் சொன்னார். நாலாவது ஆளுக்குச் சொன்ன கதையில் அந்த நாலாம் மாடிக்காரர் அழுதேவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ் விளையாட்டுக் கழகத்தின் பரிசளிப்பு விழா. தலைவர் லக்ஷ்மணன்தான். பிரதம விருந்தினர் லாசரோ, கியூபாவின் முன்னாள் குத்துச்சண்டை வீரர். காசு வாங்காமல் ஆடும் அமெச்சூர் போட்டிகளில் இரண்டு தரம் உலக சாம்பியன். செயலாளர் சயந்தன் தேடிப் பிடித்த ஆள். நோட்டீசில் போட்டிருந்த பழைய படத்தில் தலைக்கவசமும் கையுறையும் தெரிந்தன, முகம்தான் தெரியவில்லை.

“கோடிக்கணக்கில காசு தாறம், தொழில்முறைக்கு வா எண்டு கேட்டும் போகாத மனிசன்!” என்று லக்ஷ்மணன் முழங்கினார். “காசுக்காக ஒருத்தருக்கும் அடிக்காத கை அது!”

கைதட்டலுக்கு நடுவே விருந்தினர் மேடையேறினார். கதவளவு உயரம்.

நாலாம் மாடிக்காரர்! லக்ஷ்மணன் மைக்கைச் சயந்தனிடம் தள்ளிவிட்டார்.

லாசரோ ஜெர்மனில் பேசப் பேச, சயந்தன் தமிழில் சொன்னான்.

“அந்தக் காசை வேண்டாம் எண்டு சொல்ல அவருக்குக் கஷ்டமா இருக்கேல்லையாம். போன செவ்வாய்க்கிழமை ஒராள் தன்னோட சண்டைக்கு வந்தவராம். அந்தாளுக்குக் காசு வாங்காமலே ஒரு குத்து விடத் தனக்கு ஆசை வந்ததாம். கையைப் பொக்கெற்றுக்குள்ள வைச்சிருந்ததுதான் தன்ர வாழ்க்கையில ஆகப் பெரிய வெற்றியாம்!”

மண்டபமே சிரித்தது.

“ஆரப்பா அந்த விசரன்?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

தலைவரும் சிரித்துத்தான் தீரவேண்டியிருந்தது. கஜலக்சுமி மட்டும் சிரிக்காமல் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். லாசரோ பேரைச் சொல்லிவிடுவாரோ என்று லக்ஷ்மணன் அவருடைய வாயையே பார்த்தார். தலைவர் பதவி, சனத்துக்குள் இருக்கிற மரியாதை எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விடும்.

லாசரோ சொல்லவில்லை.

பொன்னாடை போர்த்தும் நேரம் வந்தது. எட்டாமல் லக்ஷ்மணன் தத்தளிக்க, சாம்பியனே குனிந்து கொடுத்தார். கமராக்கள் மின்னின.

சிரித்த முகம் மாறாமல், லாசரோ லக்ஷ்மணனின் காதுக்குள் மெதுவாகச் சொன்னார்:

“செவ்வாய் என்னுடைய நாள், தலைவர் அவர்களே. உங்களுடையது புதன்.”