கழித்த வாசல்

நான்குவழிச் சாலைக்குப் போகவிருந்த வீட்டை அளக்க வந்த இன்ஜினியர், சுவரின் மொத்த அளவிலிருந்து வாசலைக் கழித்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த வீட்டுக்காரி பூங்காவனத்துக்கு அது விசித்திரமாகப் பட்டது.

"வாசல எதுக்கு சார் கழிக்கிறீங்க?"

"அங்க சுவரு இல்லியேம்மா. வெறும் காத்துக்கெல்லாம் நஷ்டஈடு குடுக்க முடியுமா?"

"அப்ப அந்த எடத்த நீங்க எடுத்துக்கலியா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பூங்காவனம் சிரிக்கவில்லை. வாசலில் நின்று, அந்தக் காற்றுக்குள் கையை விட்டு விட்டு எடுத்துப் பார்த்தாள்.

இடிக்கிற அன்று பொக்லைன் டிரைவரிடம், "சுவரெல்லாம் அவங்களுது, இடிச்சுக்கப்பா. வாசல் என்னுது. அளந்த இன்ஜினியரையே கேட்டுப் பாரு" என்றாள். அவன் குழம்பிப்போய் வாசலை விட்டுவிட்டு மற்றதை இடித்தான்.

புழுதி அடங்கியபோது வெட்டவெளியில் நிலையும் கதவும் மட்டும் நின்றன. பூங்காவனம் வழக்கம்போலத் தலையைக் குனிந்து உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள்.

இன்ஜினியர் கத்திக்கொண்டே விறுவிறுவென்று வந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடுக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கதவுக்கு முன்னால் வந்ததும் அவருடைய கால் நின்றுவிட்டது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மெல்லத் தட்டினார்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.