கறுப்பு ஜன்னல்

“கம்ப்யூட்டர்ல கறுப்பு ஜன்னல் திறந்துச்சாம்மா?”

“திறந்துடுச்சு சார். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க. நாலு மணிக்கு எங்க வீட்டுக்காரர் கப்பல்லேர்ந்து வீடியோவுல வர்றார். மாசத்துக்கு ஒரு தடவைதான் அவருக்கு லைன் கிடைக்கும், அதுவும் பத்தே நிமிஷம். குழந்தையை அவர் இன்னும் பார்த்ததே இல்ல.”

மோடத்துக்கு அடியில் ஒட்டியிருந்த உதவி நம்பரைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன் நின்றே டைப் அடித்துக்கொண்டிருந்தாள் மருமகள். மணி மூன்று நாற்பது. பக்கத்து நாற்காலியில் மாமியார். மத்தியானமே பவுடர் போட்டு, கம்மல் மாற்றி, மடியில் பேரனை வைத்துக்கொண்டு, நெட்டே இல்லாத திரையைப் பார்த்துச் சிரித்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதறாதீங்க. ஐபி கான்ஃபிக்னு அடிங்க. ஒரு இடைவெளி. அப்புறம் ஒரு சாய்ஞ்ச கோடு. ரிலீஸ். என்டர்.”

வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற குரல். பின்னால் கடகடவென்று விடாத சத்தம். எத்தனை பேர் உட்கார்ந்து டைப் அடிக்கிறார்களோ, பெரிய ஆபீஸ்தான் என்று மருமகளுக்குத் தெம்பு வந்தது. ஆனால் என்டரைத் தட்டியதும் தெம்பு போய்விட்டது.

“சார், இருந்த கொஞ்சநஞ்சமும் போயிடுச்சே.”

“போகணும்மா. கோணலா விழுந்த தையலை முழுசாப் பிரிச்சாத்தானே நேரா போட முடியும்? இப்ப ரிலீஸுக்குப் பதிலா ரினியூ.”

அடித்தாள். கறுப்பு ஜன்னல் நாலு வரி இங்கிலீஷில் திட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

“இது அடங்காத ரகம். என், இ, டி, எஸ், ஹெச். இடைவெளி. வின்சாக். இடைவெளி. ரீசெட். முடிச்சதும் கம்ப்யூட்டரை ஒரு தடவை நிறுத்திப் போடுங்க.”

“வின்னுக்கும் சாக்குக்கும் நடுவுல இடைவெளி உண்டா சார்?”

“கிடையாது. சேர்த்துப் பிடிங்க.”

“பொண்ணு பார்க்கப் போனப்ப கம்ப்யூட்டர் படிச்சவன்னுதான் சொன்னாங்க தம்பி” என்றாள் மாமியார், போனுக்கு.

“அத்தை, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

கம்ப்யூட்டர் தூங்கி, சாவகாசமாகக் கண் விழித்தது. மணி மூன்று ஐம்பத்தைந்து. நெட் வரவில்லை.

“வரலையே சார்.” மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் குழந்தைக்குப் பல்லே முளைத்துவிடும்.

அந்தப் பக்கம் கடகட சத்தம் நின்றது. யாரையோ, “வாங்க, வாங்க” என்று வரவேற்றது குரல். மேலதிகாரியாக இருக்கும். பிறகு தெளிவாக, “கையைத் தூக்குங்க” என்றது.

மருமகள் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

“ரெண்டு கையும். தோள் மட்டத்துக்கு.”

தூக்கினாள். மாமியாரை முறைத்தாள். மாமியார் ஒரு கையால் பேரனை இறுக்கிக்கொண்டு, மறு கையைத் தூக்கினாள்.

“மூச்சை இழுங்க. விடுங்க. அசையாதீங்க.”

இருவரும் அசையவில்லை. பேரன் மட்டும் காலை உதைத்தான்.

“நாப்பத்திரண்டு.”

“அதை எங்க சார் அடிக்கணும்?”

“அது இங்கம்மா, நான் எழுதிக்கறேன். நீங்க அந்த ரினியூவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.”

போட்டாள். திரையின் மூலையில், நெட் வந்ததைக் காட்டும் வளைந்த கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

சரியாக நாலு மணிக்கு, வெயிலில் கறுத்த முகம் ஒன்று திரையில் வந்து, “எங்க, காட்டு, காட்டு” என்றது. மாமியார் ஒத்திகை பார்த்த சிரிப்பை மறந்து அழுதாள். மருமகள் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நன்றி சொல்லவோ போனை வைக்கவோ ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்து ஆள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு போனை வைத்துவிட்டு, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்தார்.

“நெட்டுக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் டெய்லர்?” என்றார், கோட்டுக்கு அளவு கொடுக்க வந்து நின்ற வாடிக்கையாளர்.

“ஒரு சம்பந்தமும் இல்ல. அந்த நெட் கம்பெனிக்காரங்க உதவி நம்பரை மோடத்துக்கு அடியில ஒட்டி வச்சிருக்காங்க. சூட்டுல கடைசி எட்டு பாதி அழிஞ்சு மூணாயிடுது. கடைசியில மூணு வந்தா என் நம்பர்.”

“ராங் நம்பர்னு சொல்லி வச்சுட வேண்டியதுதானே?”

“ஒரு வருஷம் சொல்லிப் பார்த்தேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அவங்களை நம்ப வைக்கறதுக்கு நெட்டைச் சரி பண்றதே சீக்கிரம் முடிஞ்சிடுது.”

போன் மறுபடி அடித்தது. டெய்லர் அதை ஸ்பீக்கரில் போட்டார்.

“சார், எங்க ஆபீஸ்ல நாப்பது பேருக்கும் நெட் இல்ல. மோடத்துல ஒட்டியிருக்கிற நம்பரைப் பார்த்துக் கூப்பிடறோம்.”

“எந்த ஆபீஸ் சார்?”

“நெட் கம்பெனி உதவி மையம் சார்.”

டெய்லர் குண்டூசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார். “பதறாதீங்க. கறுப்பு ஜன்னலைத் திறங்க” என்று சொல்லிவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, “கையைத் தூக்குங்க” என்றார்.

“எல்லாரும் தூக்குங்கப்பா” என்று போனுக்குள் யாரோ அதட்டுவது கேட்டது.