டேப்போடு வந்த ஆள்

மாடிப்படியில் ஒருவர் குனிந்து டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பார்த்ததுமே துணிக்கடைக்காரர் கீழ்ப்படியிலேயே நின்றுவிட்டார். "இன்னொரு பார்ட்டி இந்தக் கட்டடத்து மேல கண்ணு வச்சிருக்கு, சட்டுனு முடிங்க" என்று தரகர் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்.

கீழே ரெண்டு வீடு, மேலே ரெண்டு வீடு. கடையை அடமானம் வைத்து அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, பின்வாங்கினால் அது போச்சு. நாலு வாடகையும் ஒழுங்காக வந்தால்தான் வட்டி கட்ட முடியும்.

பேரத்தில் அவர் புலி. மாடிக்குக் குடியிருப்பு அனுமதி இல்லை என்ற ஒரே குறையைப் பிடித்துக்கொண்டு விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கியிருந்தார். "அனுமதி வாங்கறது என் பாடு, நீங்க விலையைக் குறைங்க" என்று மார்தட்டிப் பேசி முடித்த சரக்கு. அதை எவனோ கூடக் கொடுத்துக் கொத்திக்கொண்டு போவதா?

சரக்கைக் குறை சொல்ல அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மில்காரர்களிடம் நல்ல துணியை நாசூக்காக மட்டம் தட்டி வாங்கியே கடையை வளர்த்தவர்.

"இடம் பார்க்க வந்தீங்களா சார்?"

"ஆமாங்க. நீங்க?"

"போன மாசம் வரைக்கும் இந்த மாடியிலதான் குடியிருந்தேன். விட்டுட்டுப் போன வாளியை எடுக்க வந்தேன்." பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

வந்தவர் நிமிர்ந்தார். "அப்படியா? இருக்க வசதிதானே?"

"வசதியா? ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கை இடிக்கும். மழை பெஞ்சா சமையலறையில குடை பிடிச்சுக்கிட்டுத்தான் தாளிக்கணும். சுவத்தைத் தொட்டா ஷாக் அடிக்குது சார், என் மாமியாரே ரெண்டு நாள் பேசாம இருந்தாங்கன்னா பாத்துக்கோங்க."

"அவசரத்துக்கு இறங்க வேற வழி?"

"குதிக்கறதுதான். நெஞ்சுல கைவச்சுச் சொல்றேன், இது மூட்டை அடுக்கத்தான் லாயக்கு. மனுஷன் குடியிருக்கற இடமில்ல."

வந்தவர் தலையாட்டிக்கொண்டே சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். எல்லாம் கேட்டாரே தவிர, விலை என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கிற தெம்பே போய்விட்டது என்று துணிக்கடைக்காரர் மனசுக்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க. புதுசா பெயிண்ட் அடிச்சு எல்லாத்தையும் மறைச்சிருக்காங்க. நீங்க சொல்லலேன்னா ஏமாந்து கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"இதுல என்ன சார் இருக்கு. நம்மால ஒருத்தர் தப்பிச்சா சரி."

வந்தவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். கடைசிப் படியில் நின்று திரும்பினார்.

"ஒரு உதவி. இதை வாங்கப்போற துணிக்கடைக்காரர் யாரோ மனு போட்டிருக்காரு. பார்த்தா சொல்லிடுங்க, மாடியில குடிவைக்க நகராட்சி அனுமதி தராதுன்னு."