பேனா திரும்பவில்லை

ஷிப்டு முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மில் பாய்லர் வெடித்து, அதைப் பார்த்துக்கொள்ளும் முத்தையன் செத்தான். அழுத்தத்தைத் தாளில் கோடாக வரையும் பேனா, மில் கடிகாரத்தோடு ஓடுவது. சூப்பர்வைசர் அமிர்தலிங்கம் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னே தள்ளினார்; ஷிப்டு முடிந்து ஐந்து நிமிஷம் கழித்து வெடித்ததாகத் தாள் காட்டியது.

“டூட்டி முடிஞ்சப்புறம் அவனுக்கு அங்க என்ன வேலை?” என்று அவன் பெண்டாட்டி காசியம்மாவிடமே கேட்டார். அவளுக்கு நஷ்டஈடு இல்லை; மில்லில் கூட்டுகிற வேலை கிடைத்தது.

விசாரணை முடிந்ததும் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். பேனா திரும்பவில்லை. முதலில் கோடு ஏறும். பத்து நிமிஷம் கழித்துத்தான் புது பாய்லரில் அழுத்தம் ஏறும். அமிர்தலிங்கத்துக்கு அது வசதியாகக்கூட இருந்தது.

இன்று பேனா, முத்தையன் செத்த அன்று போலவே, தாளின் விளிம்புக்கு எகிறியது. அவர் பாய்லர் அறைக் கதவுக்கு ஓடினார். வெளியே தாழ் போட்டிருந்தது.

“காசியம்மா, திற!”

“ஷிப்டு முடிஞ்சு சங்கு ஊத இன்னும் கால் மணி இருக்கே சார்,” என்றாள் அவள். “டூட்டியில இருங்க.”